மூன்று விநாடி தூரத்தில் ஓர் அண்ணன்

உலகம்மையும் அவளுடைய அண்ணனும் கடற்கரைக்குப் போவதைப் பற்றி, அவர்களுடைய பதிலிகள் இரண்டும் ஏழு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தன.

பதிலி இல்லாத ஆள் அந்தக் காலத்தில் கிடையாது. பள்ளியில் சேர்க்கும்போதே காதுமடலுக்குப் பின்னால் பொட்டுக்கடலை அளவில் ஒன்றைப் பதித்துவிடுவார்கள். அது முதலில் உடையவரின் குரலைக் கற்றுக்கொள்ளும், பிறகு பேச்சை, அதற்கும் பிறகு சிரிப்பை. மின்வாரியத்தோடு வாதாடுவது, துக்கம் விசாரிப்பது, சொந்தக்காரர்களைப் பிறந்தநாளுக்கு வாழ்த்துவது எல்லாம் அதன் பொறுப்பு. மறுமுனையில் எடுப்பதும் பெரும்பாலும் இன்னொரு பதிலியாகத்தான் இருக்கும். இரண்டும் வெகு மரியாதையாகப் பேசி முடித்து, அவரவர் ஆளுக்கு இரண்டு வரியில் சுருக்கம் சொல்லும். குடும்பங்களில் சண்டை என்பதே குறைந்து போயிருந்தது.

"பேச்சு இனிமையாக நடந்தது. தேதி இன்னும் முடிவாகவில்லை." உலகம்மையின் பதிலி வாராவாரம் தந்த சுருக்கம் இதுதான்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தென்காசி நீர்ப்பகிர்வு அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போவாள். உட்காருவாள், மறுபடி எழுவாள். ஊருக்குப் போகவேண்டிய பையை அடுக்கிப் பார்த்துப் பிரித்துவைப்பாள். வெயிலுக்கென்று ஒரு தொப்பி வாங்கினாள். அது பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். பிறகு போய் அதையே வாங்கிவந்தாள்.

அண்ணன் குற்றாலிங்கம் நிலவின் தென்முனையில், பனிக்கட்டிச் சுரங்கத்தில் மேற்பார்வையாளன். போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அங்கே அவன் எடை ஆறில் ஒரு பங்கு. அந்த எடைக்குப் பழகிப்போன எலும்புகள் சோளத்தட்டையாகிவிட்டன, பூமியில் காலை ஊன்றினால் முறிந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்காக ஏற்பட்டதுதான் வாடகையுடல். பூமியில் ஓர் எந்திர உடலை எடுத்துக்கொண்டு, நிலவில் படுத்தபடியே அதற்குள் புகுந்துகொள்ளலாம். அது பார்ப்பதை இவர்கள் பார்ப்பார்கள், அதன் காலில் படும் ஈரம் இவர்கள் காலில் படும். நிலவில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்பது கடல் ஒன்றைத்தான் என்பதால், வாடகையுடல் நிலையங்கள் கடற்கரை ஊர்களில் மட்டும் இருந்தன. உலகம்மை மணப்பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

ஆனால் ஆனி, ஆடியில் கடல் கொந்தளிப்பு. ஐப்பசியில் மழை. மழை விட்டதும் சுரங்கத்தில் ஆய்வு. இப்படியே தள்ளிப்போனதும் ஒருநாள் அவள் பொறுமையிழந்து, பதிலியை விலக்கிவிட்டுத் தானே நிலவைக் கூப்பிட்டாள்.

நிலவோடு பேசுவது ஒரு தனிப் பழக்கம். ஒளியே போய்வர வேண்டிய தூரம் அது. நாம் ஒன்று சொன்னால் பதில் வர மூன்று விநாடி ஆகும். அதை யாராலும் குறைக்க முடியாது. அந்த இடைவெளியில் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். குற்றாலிங்கம் அந்த நேரத்தில் பக்கத்துத் திரையைப் பார்ப்பான்.

"அண்ணே, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

மூன்று விநாடி.

"கடற்கரையில வச்சு சொல்லு உலகு. அங்கன்னா நிம்மதியா பேசலாம். இங்க மூச்சுவிட நேரமில்ல."

"அப்பம் தேதியச் சொல்லு."

மூன்று விநாடி.

"மாசியில வச்சுக்குவோம். கண்டிப்பா வாரேன்."

அவள் சொல்ல நினைத்தது இதுதான். அவளோடு பழகிய மாட்டு மருத்துவர் நம்பிராஜன், மனைவியை இழந்தவர், ஒரு மகளுக்குத் தகப்பன், தன்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார். அவளுக்கு நாற்பத்தேழு வயது. வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் இல்லை. "எங்க அண்ணன்கிட்ட பேசிட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லி ஏழு மாதமாகிவிட்டது. அனுமதி வாங்குவதற்காக அல்ல. தாயும் தகப்பனும் போன பிறகு, இந்தச் செய்தியைக் கேட்டு "அப்படியா" என்று ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பதற்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அந்த ஆளும் உலகத்தில் இல்லை.

மாசியில் மணப்பாட்டுக்குப் போய் இறங்கினாள். கடல் பச்சையாக, சாதுவாகக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நாற்பது ஐம்பது வாடகையுடல்கள் வேட்டியை மடித்துக்கட்டியும் சேலையைத் தூக்கிச் செருகியும் அடிவானத்தைப் பார்த்து நின்றன. அவற்றின் பக்கத்தில் மகனோ பேத்தியோ தம்பியோ நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவற்றில் ஒன்று திரும்பியது. முகத்தகட்டில் அண்ணனின் முகம். தலை நரைத்துவிட்டிருந்தது.

"வந்துட்டியா உலகு."

"வந்துட்டேண்ணே. எப்படி இருக்க?"

மூன்று விநாடி.

"இருக்கேன். தண்ணி நல்லாத்தான் இருக்கு." அடுத்து அவன் சுரங்கத்தில் புதிதாக வந்த துளைப்பானைப் பற்றிச் சொன்னான். அதைச் சரியாக மாட்டத் தெரியாத பொறியாளரைப் பற்றிச் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகம் இரண்டு தரம் பக்கவாட்டில் திரும்பியது. உலகம்மைக்கு உள்ளே புழுங்கியது. ஆரம்பிக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இளநீர் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுக் கரையேறினாள். கடைக்காரி சீவித் தந்த இளநீரை அங்கேயே நின்று குடித்தாள், வழுக்கையைக்கூட விடாமல் தின்றாள், அதற்கும் பிறகுதான் திரும்பினாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் நிதானமாகியிருந்தான்.

"ஏட்டி, நான்பாட்டுக்கு என் கதையையே பேசிட்டிருக்கேன். நீ எப்படி இருக்க, அதச் சொல்லு" என்றான்.

ஏட்டி. அவன் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. அவள் தண்ணீரிலேயே அவன் பக்கமாக நெருங்கி நின்றாள். என்னென்னவோ பேசினாள். அலுவலகம், வீட்டுக்கூரை, முட்டி வலி. அவன் ஒவ்வொன்றையும் கேட்டான், கேட்டு மேலும் கேட்டான். எந்த முட்டி, மாடிப்படி ஏறும்போதா இறங்கும்போதா என்றான். அடிவானத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் இருவரும் தண்ணீரோரமாக நடந்துகொண்டிருந்தபோது நம்பிராஜனைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது காலால் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"ஆளு எப்படி?"

"நல்ல ஆளுதான். பயந்த சுபாவம். மாட்டுக்கு ஊசி போட்டா மாடு சும்மா நிக்கும், அவுகதான் கண்ண மூடிக்குவாவ."

"அப்பம் உன்னப் பாத்தும் கண்ண மூடிட்டுத்தான் கேட்டாரா?"

"ஆமா" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சாப்பிடும்போதுதான் கொஞ்சம் சத்தம் வரும்."

"அதெல்லாம் ஒரு குறையா. தனியா சாப்பிட்டவளுக்கு அது நல்ல சத்தம்ட்டி. பண்ணிக்கோ. எனக்குச் சந்தோசம்."

இதற்காகத்தான் அவள் ஏழு மாதம் அலைந்தாள். கண் கலங்கி எதிரே எதுவும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ பெரிய அலை ஒன்று எழுந்து வந்தது. காலுக்கடியில் மணல் சறுக்கிற்று. விழப்போகிற கணத்தில் அண்ணனின் கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"ஏட்டி, பாத்து."

அலை இருவரையும் இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது. அவள் தொப்பி மிதந்து போவதைப் பார்த்து இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

சிரிப்பு பாதியில் நின்றது. அவளுடைய சிரிப்பு மட்டும்.

நிலவிலிருந்து ஒருவன் ஓர் அலையைப் பார்த்து, பதறி, கையை நீட்டினால், அந்தக் கை பூமியில் நீள்வதற்குள் அவள் விழுந்து உப்புத்தண்ணீர் குடித்து எழுந்திருப்பாள். நிலவும் பூமியும் சேர்ந்து சிரிக்க முடியாது. ஒருவர் சிரித்து முடித்த பிறகுதான் மற்றவர் சிரிப்பு வரும். யோசித்தால், நேற்று இளநீர் குடித்துவிட்டு வந்ததிலிருந்து அண்ணன் ஒரு பதிலுக்குக்கூட அவளைக் காக்கவைக்கவில்லை.

"அண்ணன் எப்பம் போனான்?" என்று கேட்டாள்.

நேராகக் கேட்டால் பதிலி நேராகத்தான் சொல்ல வேண்டும், அது சட்டம். கேட்காதவரை சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர்கள் குறைவு.

"நேத்து நீங்க இளநீர் வாங்கப் போனீங்க, அப்பமே. சுரங்கத்துல அவசரம்னு சொன்னார்." அது அவள் கையை மெல்ல விட்டது. 'ஏட்டி' போய் 'நீங்க' வந்துவிட்டிருந்தது. "அவர் பதிலியோட நகல் நான், இந்த உடலுக்குள்ளயே இருக்கேன். மீதி நாளை என்னையே பாத்துக்கச் சொன்னார். இங்க வாடகையுடல்தான் எடுத்தாச்சுல்லா, வீணாப்போகக் கூடாதுன்னார்."

"நம்பிராஜனப் பத்தி நான் சொன்னது?"

"சுருக்கி அனுப்பியிருக்கேன். இன்னும் பாக்கல."

"பண்ணிக்கோன்னு சொன்னது யாரு?"

"அவர் நிதானமா கேட்டிருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பார்னு நான் கணிச்சேன்."

உலகம்மை கரையேறினாள். ஈரச்சேலை காலில் தடுக்கியது. படகொன்றின் நிழலில் உட்கார்ந்தாள், உட்கார முடியாமல் எழுந்தாள். அங்குமிங்கும் நடந்தபடியே நிலவைக் கூப்பிட்டாள். முதலில் எடுத்தது அதே குரல், அதே பதிலி. "நீ வேண்டாம், அவன எடுக்கச் சொல்லு" என்றாள். மறுபடி மறுபடி கூப்பிட்ட பிறகுதான் குற்றாலிங்கம் வந்தான். நெற்றியில் தலைக்கவசத்தின் தழும்பு சிவந்திருந்தது.

"என்ன உலகு, கடல் நல்லா இருக்கா? சாப்பாடெல்லாம் எப்படி?"

நடந்தபடியே ஒத்திகை பார்த்த வசவுகள் எல்லாம் நாக்குநுனியில் இருந்தன. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அண்ணே, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

மூன்று விநாடி. அவன் பக்கத்துத் திரையில் எதையோ தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். அவள் வார்த்தை அங்கே போய்ச் சேர்ந்ததும் கை ஒருகணம் நின்றது, பிறகு தொடர்ந்தது.

"நல்லது, நல்லது. ரொம்ப சந்தோசம். தேதிய என் பதிலிகிட்ட சொல்லிரு, என்ன? நான் வாரதுக்குப் பாக்கேன். அந்த நேரத்துல இங்க என்ன நிலவரமோ, அதான் யோசனையா இருக்கு."

இதைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. நன்றாகச் சுடும்படி ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"நீ வர வேண்டாம்ண்ணே. கல்யாணத்துக்கும் அதையே அனுப்பிரு. அண்ணன் பொரி போடுத சடங்க அதே செஞ்சிரும். உன்னவிட அது நல்லா பேசுது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அம்பு விட்டவள் மூன்று விநாடி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. போய்த் தைக்கட்டும் என்று நினைத்தாள். தைத்துவிடுமோ என்றும் பயந்தாள்.

குற்றாலிங்கம் கையிலிருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் இருந்த இறுக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. கண்ணோரம் பளபளத்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, வேறு எங்கும் பார்க்காமல் தங்கையை நேராகப் பார்த்தான்.

"நிசமாத்தான் சொல்லுதியா?" என்றான். குரல் தழுதழுத்தது. "ஊர்ல எல்லாவனும் வா வான்னுதான் உயிர எடுக்கான். நீ ஒருத்திதான் உலகு என்னைப் புரிஞ்சுகிட்டவ."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் யாரோ கூப்பிட, அவன் திரும்பிவிட்டான். படம் மறைந்தது.

வெயில் ஏறி மணல் சுட ஆரம்பித்தது. வாடகையுடல் தண்ணீரில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. இடுப்பளவு ஆழத்துக்குப் போய், மிதந்துபோன தொப்பியைப் பிடித்துவந்து கையில் வைத்திருந்தது. அவள் அருகில் போனாள். அது தொப்பியை உதறி நீட்டியது.

"கோபமா பேசிட்டீங்களா?" என்று கேட்டது.

"இல்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்கன்னு கூப்பிடாத. முன்ன மாதிரியே கூப்பிடு" என்றாள்.

"சரிட்டி."

இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள். மனசில் இருந்த குறுகுறுப்பு முழுதாகப் போகவில்லை. ஆனாலும் சொல்ல நிறைய இருந்தது. கல்யாணத்தை எங்கே வைப்பது, யாரையெல்லாம் கூப்பிடுவது, நம்பிராஜனின் மகளிடம் எப்படிப் பேசுவது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். அண்ணனின் குரல் ஒவ்வொன்றையும் கேட்டு, மேலும் கேட்டது.

காதுக்குப் பின்னால் அவளுடைய சொந்தப் பதிலி மெதுவாகக் குறுக்கிட்டது. நம்பிராஜன் அழைக்கிறார் என்றது. காலையிலிருந்து மூன்று தரம் அழைத்துவிட்டார், இந்தத் தரம் குரல் நடுங்குகிறது, அவர் கேட்டதற்குப் பதில் தெரிந்தால் போதும் என்கிறார் என்றது.

"இப்பம் அண்ணன்கிட்ட பேசிட்டிருக்கேன்லா" என்றாள் உலகம்மை எரிச்சலோடு. "சரின்னு நீயே சொல்லிரு. கொஞ்சம் வெக்கப்பட்டுச் சொல்லு."