நான்கு விளக்குகளும் எரிந்தன

செவ்வாயில் விளக்குச் சோதனை முடியாமல் எந்த வண்டியும் குமிழ்நகரின் வாசலைத் தாண்ட முடியாது. வண்டிகள் தாமாகவே ஓடுகின்றன, தமக்குள் அலைப்பேச்சில் பேசி ஒதுங்கிக்கொள்கின்றன, பிறகு விளக்கை யார் பார்க்கப்போகிறார்கள் என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். புழுதிப்புயல் அடித்தால் அலைப்பேச்சு செத்துவிடும், அப்போது விளக்கு ஒன்றுதான் வண்டிகளின் வாய் என்பது சட்டம் போட்டவர்களின் பதில்.

அன்று மாட்டிக்கொண்டவள் புதுக்காங்கேயத்துத் தெய்வானை. அடுத்த குமிழ்நகரில் மகள் மயிலாவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. முதல் பிரசவம். அம்மா பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று அவள் அலைப்பேச்சில் அழ, தெய்வானை கணவரோடு கிளம்பிவிட்டாள். வண்டியோ வாசலில் நின்றது. பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அதற்குப் பதிலாக இடது இண்டிகேட்டர் மங்கலாக முழித்தது.

சோதனைக்கூடத்து இயந்திரத்துக்கு மாரப்பன் என்று பெயர். வண்டிக்காரருக்குப் பழுதை விளக்கிச் சொல்லாமல் திருப்புளியைத் தொடக் கூடாது என்று அதை யாரோ ஒரு புண்ணியவான் பழக்கியிருந்தார்.

"பல்பை மாத்திப் போட்டு அனுப்பு சாமி" என்றாள் தெய்வானை.

"பல்பு நல்லாத்தானுங்க இருக்குது."

"அப்ப ஃபியூஸ்?"

"அதுவும் நல்லா இருக்குதுங்கம்மா. பேட்டரியில கெளம்பற கரண்ட் ஃபியூஸையும் சுவிட்சையும் தாண்டி பல்புக்கு வருதுங்க. எரிச்சுப்போட்டு வண்டியோட தகரம் வழியா பேட்டரிக்கே திரும்போணும். எர்த் ஒயரைத் தகரத்துல முடுக்கியிருக்கற எடத்துல புழுதி ஏறிப்போச்சு. திரும்ப வழியில்லாத கரண்ட் பக்கத்து இண்டிகேட்டருக்குள்ள பூந்து போகுதுங்க."

"செவ்வாயில உக்காந்துக்கிட்டு எர்த்துங்கறான் பாரு!" என்று பல்லைக் கடித்தார் தெய்வானையின் கணவர் சென்னியப்பன்.

மாரப்பன் புழுதியைச் சுரண்டியது, முடுக்கியது. அத்தோடு விட்டதா? முகப்பு விளக்கு, பக்க விளக்கு, பின்விளக்கு, நம்பர் பலகை விளக்கு என்று ஒவ்வொன்றாக எரியவைத்து ஒவ்வொன்றுக்கும் அவர்களைத் தலையாட்ட வைத்த பிறகுதான் வாசல் திறந்தது. தெய்வானைக்கு அதன் தலையில் எதையாவது தூக்கிப் போடலாம் போலிருந்தது.

பாதி வழியில் புயல் பிடித்தது. அலைப்பேச்சு அறுந்ததும் வண்டி தன் வழக்கப்படி ஸ்டியரிங்கை மனிதர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. தெய்வானை ஓட்டினாள். நாற்சந்தியில் இரண்டு பக்கமும் செம்புழுதிக்குள் சரக்கு வண்டிகளின் வெளிச்சம் தெரிந்தது. அவை ஆளில்லாதவை, அடுத்தவர் விளக்கைப் பார்த்தே ஓடுபவை.

"நாலு இண்டிகேட்டரையும் சேத்துப் போடு புள்ள. நாம நேராப் போறோம்னு அதுகளுக்குத் தெரியோணுமில்ல?" என்றார் சென்னியப்பன். அவருடைய பாட்டனார் பூமியில் நாற்சந்தியைக் கடந்தது அப்படித்தான். கடலை மிட்டாயைப் போல அந்தப் பழக்கமும் கப்பலேறி வந்துவிட்டது.

தெய்வானை சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தினாள். நான்கு விளக்குகளும் பளிச்பளிச்சென்று எரிந்தன. சரக்கு வண்டிகள் நின்றன.

"எப்படி வழி விடுது பாருங்க!" என்றாள் தெய்வானை.

வழி விடவில்லை. நான்கும் சேர்ந்து எரிந்தால் வண்டி பழுது, உதவி தேவை என்றுதான் அவற்றுக்குத் தெரியும். எல்லாமாக நெருங்கி வந்து, காற்றுப் படாதபடி இவர்களைச் சுற்றி வளைத்துக்கொண்டன. தெய்வானை பதறி விளக்குகளை அணைத்தாள். பேட்டரியும் தீர்ந்தது என்று சரக்கு வண்டிகள் முடிவு கட்டி இன்னும் நெருங்கின. அவை வண்டிக்கு வண்டி விளக்கைச் சிமிட்டிச் சேதி கடத்திக் கூப்பிட்ட மீட்பு வண்டி புழுதிக்குள் தட்டுத் தடுமாறி வந்து சேர்வதற்குள் புயலே ஓய்ந்துவிட்டது.

"என்ன பழுது அம்மா?" என்று கேட்டது அது.

"ஒரு எழவும் இல்ல! நேராப் போறோம்னு சொல்லத்தான் போட்டோம்!"

மீட்பு வண்டி பணிவாகச் சொன்னது: "நேராகப் போகிறவர்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லையே அம்மா. போனால் போதும்."

அப்போது அலைப்பேச்சு உயிர்பெற்றது. முதலில் கேட்டது பச்சைக் குழந்தையின் அழுகை. அதற்குப் பின்னால் மயிலாவின் களைத்த குரல்: "பொறந்தாச்சும்மா. நீ எங்கதான் இருக்கறே?"

சென்னியப்பன்தான் பதில் சொன்னார்.

"நாங்க சரியாத்தான் வந்தோம் கண்ணு. இந்த வண்டிகளுக்குத்தான் ரோட்டுப் பழக்கம் பத்தல."

"கொஞ்சங்கூடப் பத்தாதுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் தெய்வானை.