பெயர் போடாத சூடு

மத்தியான வெயிலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார் லேப்டாப் பழுது பார்ப்பவர். பேசும்போதுகூடப் பல்லிடுக்கில் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டிருப்பார் என்பதால் அந்தத் தெருவுக்கே அவர் ஸ்க்ரூ அண்ணன். அவரை மாடியறைக்கு அழைத்துப் போனவள் அந்த வீட்டு மருமகள். கீழே நாத்தனார் கதவை அறைந்து சாத்தியது படிவரை கேட்டது.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

லேப்டாப் மருமகளின் கணவன் வேலை பார்த்த அலுவலகத்துடையது. இன்னும் கட்டாத வீடுகளின் அறைகளை, கட்டி முடித்துப் புகைப்படம் எடுத்ததுபோல் கம்ப்யூட்டரில் உருவாக்கித் தரும் வேலை. கடைசிப் படத்தை அவன் கடும் காய்ச்சலோடு, கட்டிலில் சாய்ந்தபடி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டே முடித்தான். அனுப்பிய கையோடு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. துக்கம் கேட்க வந்த மேனேஜர், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே பாஸ்வேர்டு என்னவென்று விசாரித்தார். பிறகு மனமிரங்கி அந்த வேலையை அவளுக்கே கொடுத்தார். அவளும் அதே படிப்பு படித்தவள்தான். வேறு வருமானம் இல்லாத வீட்டில் அவளால் வீம்பு பார்க்க முடியவில்லை.

"எங்கண்ணன் உயிரைக் குடிச்ச சாமான மடியில வச்சுக் கொஞ்சுறீங்களே அண்ணி," என்று நாத்தனார் ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு குறைந்துபோயிற்று.

ஸ்க்ரூ அண்ணன் லேப்டாப்பைத் திறந்தார். விசிறியில் தூசி கம்பளிபோல் அப்பியிருந்தது. மெத்தையில் வைத்து ஓட்டினால் காற்று போக வழியிருக்காது, வேலைநடுவே அணைந்துபோவது அதனால்தான் என்றார். தூசியை ஊதித் தள்ளி, சிப்பின் மேல் சூடு கடத்தும் புதுப் பசை தடவி, அடியில் கம்பித் தாங்கி ஒன்றைக் கொடுத்தார். சூட்டைக் காட்டும் புரோகிராம் ஒன்றையும் போட்டு விளக்கினார். பிராசஸர், கிராபிக்ஸ், ஹார்டுடிஸ்க், பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். தொண்ணூறைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

கடைசி வரிசையில் பெயர் இல்லை. எண் மட்டும் இருந்தது. முப்பத்தேழு.

"இது எதோட சூடுண்ணா?"

"தெரியலம்மா. சில போர்டுல இப்படி ஒண்ணு உதிரியா காட்டும். கண்டுக்காதீங்க."

அவள் கண்டுகொள்ளாமல்தான் இருந்தாள். புதுப் படம் ஒரு படுக்கையறை. ஜன்னல், திரை, கட்டில், விரிப்பு என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். கனமான வேலை ஓடும்போது பிராசஸர் எண்பதைத் தாண்டும், நிறுத்தினால் இறங்கும். பெயரில்லாத எண் மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஒருநாள் காலையில் குளிர்ந்து கிடந்த லேப்டாப்பைத் திறந்தாள். எல்லா எண்களும் அறையின் குளிர்ச்சியைக் காட்டின.

அது மட்டும் முப்பத்தேழு.

செல்சியஸில் அது உயிருள்ள உடம்பின் சூடு. அவள் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு விசைப்பலகையின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, தூங்குகிறவனின் முதுகுபோல.

பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்று அவளுக்கு வேலையில் மனம் நிலைத்தது.

படத்தைக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்க நெருங்க அந்த எண் முப்பத்தெட்டானது. அடுத்த நாள் முப்பத்தொன்பது. அறையில் ஒரு வாடை எழுந்தது. வியர்வையில் நனைந்து காய்ந்த போர்வையின் வாடை. விசிறியின் இரைச்சலும் மாறியிருந்தது. சற்று ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். அந்த மூச்சிழுப்பு அவள் காதுக்குப் பழக்கம்.

வேலையை நிறுத்தினாள். எண் மெல்ல இறங்கியது.

மறுபடி ஆரம்பித்தாள். ஏறியது.

கெடு நாளன்று மாலை மேனேஜர் கூப்பிட்டார். அவள் லேப்டாப் சூடாகிறது என்றாள், ஒருநாள் தவணை கேட்டாள். எல்லோருக்கும் லேப்டாப் சூடாகத்தான் செய்கிறது என்றார் அவர். முடியாவிட்டால் சொல்லிவிடலாம், வேலைக்கு ஆள் காத்திருக்கிறது என்று பதமாகவும் சொன்னார்.

அடுக்கியதைப் புகைப்படமாக்கும் கடைசி வேலையை அவள் ஓடவிட்டாள்.

நாற்பது.

துணியை நனைத்துப் பிழிந்து தாங்கியின் அடியில் விரித்தாள். என்ன செய்கிறோம் என்று அறியாமலே கை அதைச் செய்தது.

நாற்பது புள்ளி ஆறு.

கதவருகே நாத்தனார் நின்றிருந்தாள். வாடை கீழேவரை வந்திருக்க வேண்டும். திரையைப் பார்த்தாள், ஈரத்துணியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அவன் காய்ச்சலைக் காட்ட, இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த எண் அது.

"அண்ணி," என்றாள் கிசுகிசுப்பாக. "நிறுத்திடுங்க."

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."

"அண்ணனும் இதையேதான சொன்னான்."

நாற்பத்தொன்று.

மேஜையில் போன் அதிர்ந்தது. மேனேஜர். நாத்தனார் கையை நீட்டி லேப்டாப்பை மூடப் போனாள். அண்ணி அந்தக் கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டாள். அவ்வளவு பலம் தன்னிடம் இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரியும். இருவரும் அசையாமல் நின்றார்கள். விசிறி இழுத்தது, நின்றது, இழுத்தது.

படம் முடிந்தது.

எண் விழத் தொடங்கியது. முப்பத்தைந்து, முப்பத்திரண்டு, முப்பது. அறையின் குளிர்ச்சிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"ரெண்டாவது தடவையும் போயிட்டான்," என்றாள் நாத்தனார். கையை உதறிக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் பிறந்த வீடு அது, விட்டுப் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அண்ணியோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மருமகள் படத்தை அனுப்பினாள். அழுகை வந்ததா என்று கேட்டால், வரவில்லை. பசித்தது. சாப்பிட்டாள்.

மறுநாள் மேனேஜர் வாயாரப் பாராட்டினார். வீட்டுக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்றாம், அதுவும் அந்தக் கட்டில். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்களாம்.

அவள் படத்தைத் திறந்தாள்.

விரிப்பை அவள் ஒரு சுருக்கம் இல்லாமல்தான் வைத்திருந்தாள். படத்தில் அது கசங்கிக் கிடந்தது. தலையணையில் தலை அழுந்திய குழி. குழியைச் சுற்றி ஈரம் படர்ந்த கறை.

லேப்டாப்பை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வந்தாள். அடுத்த படம் ஒரு சமையலறை. படுக்க அதில் இடமே இல்லை. மேஜையும் அதோடு ஒட்டிய ஒரு நாற்காலியும் மட்டும் வைத்தாள். ஓடவிட்டு, முடியும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்திருந்தாள்.

முடிந்த படத்தில் நாற்காலி மேஜையைவிட்டு விலகியிருந்தது. அதில் ஒருவன் உட்கார்ந்தால், திரைக்கு வெளியே இருந்த அவள் முகத்தைப் பார்க்கும்படி திரும்பியிருந்தது.