மிஷின் ஓடாத இரண்டு மாதம்

பதினெட்டாயிரத்து நானூறு. அந்த வீட்டின் சின்ன மருமகள் பெரிய மருமகளுக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவு. கைநீட்டி வாங்கிய கடன் என்று யாரும் சொல்ல முடியாது. சின்னவள் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று பெரியவள் தன் காஜா மிஷினை இரண்டு மாதம் நிறுத்திப் போட்டாள். அதில் வராமல் போன கூலிதான் அது. பெரியவளின் புருஷன், டெலிவரி வேன் ஓட்டுகிறவன், ஒருநாள் சாப்பிட்ட ஈரக்கையோடு நின்று கணக்குப் போட்டு எல்லார் காதிலும் விழும்படி அந்தத் தொகையைச் சொன்னான். அவன் தம்பிக்கு, அதாவது சின்னவளின் புருஷனுக்கு, ரோஷம் வந்துவிட்டது. "குடுத்துடறோம்ணா" என்றான். அன்றிலிருந்து அந்தத் தொகை அந்த வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி நடமாடத் தொடங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் கூட உட்கார்ந்தது.

பெரியவள் மட்டும் அதை ஒருநாளும் வாயில் எடுக்கவில்லை. அவளுக்கு வேறு வலி இருந்தது.

காஜா மிஷின் என்றால் சட்டைக்குப் பட்டன் ஓட்டை போடுகிற மிஷின். தையல் மிஷின் மாதிரி சீராக ஓடாது. பெடலை மிதித்தால் கடகடவென்று ஊசி ஒரு சுற்று ஓடும், டக்கென்று கத்தி இறங்கி நடுவில் கிழிக்கும், நிற்கும். அடுத்த ஓட்டைக்குத் துணியை நகர்த்த வேண்டும். மறுபடி கடகட, டக். கம்பெனியிலிருந்து கட்டுக்கட்டாகச் சட்டை வரும், ஓட்டை போட்டு அனுப்ப வேண்டும். மிஷின் இருந்தது நடையில். அந்த நடையை ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவள் அறை. மிஷின் ஓடினால் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

சின்னவள் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதுகிறாள். வியாபார நிர்வாகம் சொல்லித்தருகிற பெரிய காலேஜில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. அறுநூற்றைம்பது மார்க் எடுத்தால் பீஸ் முழுக்கத் தள்ளுபடி. அதற்குக் கீழே என்றால் அந்தப் பீஸை அந்தக் குடும்பம் கனவில் கூடக் கட்ட முடியாது. முதல் தடவை எழுதினபோதுதான் பெரியவள் யாரும் கேட்காமலே மிஷின்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினாள். வீடே பூனை மாதிரி நடந்தது. கதவு சாத்தினால் கூட இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தினார்கள்.

மார்க் ஐந்நூற்று நாற்பது வந்தது.

சின்னவள் அன்றைக்கு வந்து படுத்தவள்தான், ஏன் இப்படி ஆச்சு என்று யார் கேட்டும் வாய் திறக்கவில்லை. மாமியாராகத்தான் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். இரண்டு மாதத்தில் நடுவே இரண்டு நாள் பெரியவள் மிஷினை ஓட்டியிருந்தாள். சின்னவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தட்ட முடியாத ஒரு அவசரக் கட்டுக்காக. அந்தச் சத்தம்தான் பிள்ளை மண்டையில் உட்கார்ந்துகொண்டது என்று மாமியார் சொன்னாள். அக்கம்பக்கத்திலும் சொன்னாள். பெரியவள் மறுத்துப் பேசவில்லை. தான் ஓட்டாமல் இருந்த நாளை எல்லாம் விட்டுவிட்டு ஓட்டின இரண்டு நாளை மட்டும் பிடித்துக்கொள்கிறார்களே என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். விழுங்கி விழுங்கி அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

ஒரு புதன்கிழமை காலை. டீ கொதித்துக்கொண்டிருந்தது. சின்னவள் மறுபடி பணம் கட்டியிருக்கிறாள், இன்னும் ஏழு வாரத்தில் பரீட்சை என்று அவள் புருஷன் சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தான். மாமியார் அடுப்பைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"இந்தத் தடவை மூடி வைக்கிறது, நிறுத்தி வைக்கிறதெல்லாம் வேணாம். மிஷின் வீட்ட விட்டுப் போகட்டும். வித்துடு."

பெரியவள் கை நின்றது. அந்த மிஷினை வாங்க அவள் நான்கு வருஷம் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். கால் நரம்பு சுருண்டது அங்கேதான். உட்கார்ந்து சம்பாதிக்க ஒரு இடம் என்று அவளுக்கு இருந்தது அந்த நடை ஒன்றுதான்.

அவள் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் வாசற்படியில் டம்ளரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொல்வாள் என்று பெரியவள் காத்திருந்தாள். சின்னவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

அதுதான் பெரியவளுக்குப் பொறுக்க முடியாமல் போனது. மாமியார் சொன்னது கூடப் பெரிதில்லை.

"சரிங்கத்தை" என்றாள். கட்டு கொண்டுவந்து போடுகிறவருக்குப் போன் செய்தாள். ஓடுகிற மிஷினை ஏன்மா விக்கிறே, வீட்டுல ஏதும் தகராறா என்று அவர் கேட்டார். கால் வலி என்று சொல்லிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் கடைசிக் கட்டு. மாமியார் மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள். சின்னவளுக்கு அரைநாள் லீவு, அறைக்குள் இருந்தாள். பெரியவள் மிஷின் கால் நாலுக்கும் கீழே பழைய துணியை மடித்து மடித்துக் கொடுத்தாள். ஒரு ஓட்டை போடுவாள், நிறுத்திக் காது கொடுப்பாள், அடுத்த ஓட்டை போடுவாள். சொந்த வீட்டில் திருடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அறைக் கதவு திறந்தது. சின்னவள் ஒரு கையில் நாற்காலி, இன்னொரு கையில் தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம். நாற்காலியை மிஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

பெரியவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். "இந்த ஒரு கட்டு மட்டும்தான். நாளைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீ உள்ள போய்ப் படி."

"ஓட்டுங்கக்கா."

"குத்திக் காட்டறியா?"

"இல்லக்கா. நீங்க ஓட்டுங்க, நான் இங்கயே படிக்கிறேன்."

"உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? அத்தை சொல்றப்ப நின்னு வேடிக்கை பாத்தே. நான் வாயத் திறந்தேனா? மிஷினே போகுது. இன்னும் என்ன வேணும் உனக்கு?" பெரியவள் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்னவள் புத்தக அட்டையை நகத்தால் சுரண்டியபடியே சொல்லத் தொடங்கினாள். அந்தப் பரீட்சை கம்ப்யூட்டரில் எழுதுவது. ஒரே ஹாலில் நாற்பது பேர். பக்கத்து சீட்டுக்காரன் கீபோர்டைத் தட்டிய தட்டில் மேஜையே ஆடியது. பின்னால் ஒருத்திக்கு விடாத மூக்குறிஞ்சல். நாற்காலிகள் கிறீச்சிட்டன. இவள் ஒரே பத்தியை ஆறு தடவை படித்தாள், ஒரு வரி உள்ளே போகவில்லை. பாதி நேரம் அதிலேயே போய்விட்டது.

"என் அப்பா வண்டிக்கு டின்கரிங் பட்டறை வெச்சிருந்தாருக்கா. பட்டறைக்குப் பின்னாடியே வீடு. நான் பொறந்ததுலேர்ந்து சுத்தியல் சத்தத்துலதான் படிச்சேன். எனக்கு அது ஒண்ணுமே தெரியாது. இங்க ரெண்டு மாசம் ஒரு கரண்டி விழற சத்தம் கூட இல்லாம வெச்சிருந்தீங்க. அங்க போய் ஒரு கீபோர்டுச் சத்தம் தாங்கல எனக்கு. அந்த அமைதிதான்கா என்னைக் கெடுத்துச்சு."

பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்லுவேன்? கூலிய விட்டுட்டு உக்காந்தீங்க. வேன் ஓட்டிட்டு வந்ததும் மாமா தினம் உங்கமேல எரிஞ்சு விழுந்தாரு. அதெல்லாம் வேஸ்ட்டுன்னு உங்க மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? புதன்கிழமையும் சொல்லத்தான் நின்னேன். வாய் வரல."

பெரியவளுக்கு அழுகை வரும் என்று சின்னவள் நினைத்திருப்பாள். வந்தது கோபம்.

"அப்ப நான் ரெண்டு மாசம் கையக் கட்டிட்டு உக்காந்தது? கட்டு போடறவரு நாலு தடவை கூப்பிட்டு, வேற ஆளப் பாத்துக்கறேன்னு சொன்னாரே, அது? உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சு உன்னைக் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். நான் என்ன பைத்தியமா?"

அவள் மிஷினை மிதித்தாள். கடகட, டக். கடகட, டக். துணி அடைத்த கால்களோடு மிஷின் ஆடியது. ஐந்தாறு சட்டைகள் போயின. சின்னவள் எழுந்து போகவில்லை. புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய, அந்தச் சத்தத்துக்குள்ளே பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் இடையில் அவள் சொன்னது பெரியவள் காதில் விழுந்தது.

"ஆனா எனக்காக ஒரு வீடு வாயை மூடிட்டு இருந்தது அதுதான்கா முதல் தடவை. அந்த ரெண்டு மாசம் நான் நிம்மதியா தூங்கினேன். படிச்சத விட, அந்த அமைதிய அனுபவிச்சுக்கிட்டு உக்காந்திருந்ததுதான் அதிகம். அது வேஸ்ட்டுன்னு நான் சொல்ல மாட்டேன்."

பெரியவள் கால் தானாக நின்றது. மடியில் கிடந்த சட்டையின் ஓரத்தால் சின்னவள் கன்னத்தைத் துடைத்தாள். கம்பெனிச் சட்டை என்பது துடைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மாமியார் காலி வாளியோடு இறங்கி வந்தாள். ஓடிய மிஷின், பக்கத்தில் அழுத முகத்தோடு சின்னவள். அவளுக்கு வேறு சாட்சி வேண்டுமா? இவ உருப்பட மாட்டா, அடுத்தவளையும் உருப்பட விட மாட்டா என்று தொடங்கினாள்.

சின்னவள் எழுந்து நின்றாள். "அத்தை, நான்தான் ஓட்டச் சொன்னேன். போன தடவை மார்க் போனது அக்காவால இல்ல. வீடு ரொம்ப அமைதியா இருந்ததாலதான். மிஷின் வெளிய போச்சுன்னா நான் பரீட்சையே எழுதல." நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் மாமியாருக்கும் சொன்னாள்.

மாமியார் வாளியைக் கீழே வைத்தாள். முகத்தில் யோசனை ஓடியது. கடைசியில் பெரிய மனக்குறையோடு கேட்டாள்:

"அப்ப நான் ரெண்டு மாசம் இருமலை அடக்கிக்கிட்டுக் கெடந்தது?"

பெரியவளுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த நடையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். மாமியார் இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, பெரியவளைப் பார்த்து, ஊரெல்லாம் உன்னைச் சொல்லிட்டேனே என்று முணுமுணுத்தாள். சொன்ன வீடுகளுக்கெல்லாம் அன்றைக்குச் சாயங்காலமே மறுபடி நடந்து போய், எங்க பெரியவ மேல தப்பு இல்ல என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்தவர் டீ குடித்துவிட்டு, முடிந்த கட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு, மிஷின் இல்லாமலே போனார். இனிமேல் ஒன்றுக்கு இரண்டு கட்டாகப் போடச் சொன்னாள் பெரியவள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அமைதி என்பது கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. மாமியார்தான் எல்லாரையும் மிஞ்சினாள். பாத்திரத்தை மெதுவாக வைக்கிறவர்களைத் திட்டினாள். சின்னவள் புத்தகத்தோடு உட்கார்ந்தால் இவள் எதிரே வந்து உட்கார்ந்து இருமினாள். போதும் அத்தை, அங்கே இவ்வளவு இருமல் இருக்காது என்று சின்னவளே கையெடுத்துக் கும்பிட வேண்டி வந்தது. சத்தம் மட்டும் மார்க் கொண்டுவந்துவிடாதே. விடியும் முன்னே எழுந்து, முந்தின நாள் தப்பாகப் போட்ட கணக்கை எல்லாம் தேடிப்பிடித்து மறுபடி போட்டாள் சின்னவள். பெரியவள் என்ன மார்க் வருகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. பென்சில் நிற்காமல் ஓடினால் அவள் காலும் சீராக ஓடும்.

பரீட்சை அன்று பெரியவளும் கூடப் போனாள். வாசலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். உள்ளே நுழையும் முன் சின்னவள் திரும்பிப் பார்த்தாளா என்று கூட அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவு கூட்டம். உட்கார்ந்த இடத்தில் அவள் வலது கால் பெடலைத் தேடி மண்ணை மிதித்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சின்னவள் வெளியே வந்தாள். முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. நேரே வந்து நின்றாள்.

"இந்தத் தடவையும் பக்கத்துல ஒருத்தன் கீபோர்டை உடைக்கிறான்கா."

பெரியவள் அவள் கையைப் பிடித்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீங்க பக்கத்துல உக்காந்து காஜா போடறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். கடைசியில ஸ்கிரீன்லயே மார்க் வந்துடுச்சு. அறுநூத்தி எழுபது."

சொல்லி முடிக்கும் முன்பே அவள் பெரியவள் தோளில் விழுந்துவிட்டாள். பெரியவளுக்குத் தெருவில் நின்று அழுகிறவர்களைக் கண்டால் ஆகாது. அன்றைக்கு அவளே தெருவில் நின்று அழுதாள். வாட்ச்மேன், யாராவது தவறிட்டாங்களா என்று கேட்டான். இல்லப்பா, பாஸாயிட்டா என்றாள்.

காலேஜிலிருந்து இடமும் பீஸ் தள்ளுபடியும் உறுதியானது. காலேஜ் இருக்கிற ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, எல்லாரும் சாப்பிட்டு முடித்த நேரம், சின்னவள் ஒரு கவரைக் கொண்டுவந்து பெரியவள் முன்னால் வைத்தாள். டயர் கடையில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம், கடன் முழுக்க இருக்கிறது என்றாள். வேன் ஓட்டுகிறவன் கண் கவர்மேல் போனது.

பெரியவள் தொடவில்லை. "இது எதுக்கு?"

"உங்க கூலிக்கா."

"வேலை செஞ்சாத்தான் கூலி. நான் செஞ்சது உன் மார்க்கைக் கெடுத்த வேலை. அதுக்கு நான் காசு வாங்கணுமா?"

"அது வேற, இது வேற" என்று வேன்காரன் நடுவில் புகுந்தான். "கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நீங்க போட்ட கணக்குங்க அது. நான் போடல. நீங்களே அழிச்சுடுங்க."

அவன் தம்பியைப் பார்த்தான். தம்பி சுவரைப் பார்த்தான். வேன்காரன் அம்மாவைப் பார்த்தான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்த பார்வையில் உதவி எதுவும் இல்லை.

"சரி, அழிச்சாச்சு" என்றான்.

"வாயால சொன்னாப் போதாது. அந்தக் கவரை எடுத்து அவ கையில குடுங்க. புது ஊரு, கையில காசு வேணும்."

அவன் எழுந்தான். கவரை எடுத்தான். ஒரு நிமிஷம் எடை பார்க்கிறவன் மாதிரி கையில் வைத்திருந்தான். பிறகு சின்னவள் பக்கம் நீட்டினான்.

"நல்லபடியா போய்ப் படிம்மா" என்றான். "இங்க உனக்கு ஒரு பாக்கியும் இல்ல."