யார் அந்த ஹெகே?

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

எய்ல்சா கத்தினாள். வெலிங்டன் துறைமுகக் காற்று முன்பின் தெரியாத ஒருவனின் குடையைப் புரட்டிப்போட்டதில் அதிலிருந்த தண்ணீரெல்லாம் அவள் முகத்தில்...

"மன்னிச்சிடுங்க. குடைக்கு நான் பொறுப்பு. காத்துக்கு இல்ல."

"இந்த ஊர்ல எவனாவது குடை விரிப்பானா?"

மீன் வறுவல் கடையின் கூரைக்கடியில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். அவன் கண்களில் மழைநேரக் கடலின் நிறம்... அதைக் கவனித்துவிட்டதற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது.

"என்மேலயா இவ்வளவு கோபம்?" என்று சிரித்தான்.

"ஹெகேன்னு ஒருத்தன். சிஸ்டம்ஸ் அனலிஸ்ட். முகத்தைக்கூடப் பார்த்ததில்ல."

பார்த்திருக்க வழியில்லை. என்ன வேண்டும் என்று அனலிஸ்ட் எழுதுவார். வேலையைக் கேட்ட துறை அதில் கையெழுத்துப் போடும். அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் எய்ல்சா புரோகிராம் எழுத உட்காருவாள். கையெழுத்தானதில் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது.

"வண்டி ஏத்துற ஃபெர்ரி கப்பலுக்கு புக்கிங். வண்டியை எண்ணச் சொல்லியிருக்கான்... நீளத்தைக் கேக்கச் சொல்லல. ஆடு ஏத்துற லாரி பின்னாடி ட்ரெய்லர் வரும்னு தெரியாதா அவனுக்கு? சோதனை பண்ணா பாதி லாரி கரையிலயே நிக்குது. பழி என்மேல. நாளைக்கு மீட்டிங்... வேலை போயிடும்."

அவன் சிரிப்பு நின்றது.

"அவன் துறைமுகத்துப் பக்கமே போகலையோ என்னவோ..."

"போயிருந்தாத்தான் தெரிஞ்சிருக்குமே!"

அவன் சிப்ஸ் வாங்கி நீட்டினான். "சாப்பிடுங்க. வெறும் வயித்துல திட்டக் கூடாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயர் கேட்டாள்.

"டிபெனே," என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் மீட்டிங் அறையில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"இவர்தான் டிபெனே ஹெகே," என்றார் மேலாளர் டன்கன்.

நேற்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றானே... பாவி!

"கையெழுத்து ஆனது ஆனதுதான், எய்ல்சா. அருவி மேல ஏறாது, முடிஞ்ச கட்டத்துக்குத் திரும்பிப் போக முடியாது. தப்பு உன் புரோகிராம்லதான்," என்றார் டன்கன்.

டிபெனே தலை நிமிரவில்லை. அந்த ஃபெர்ரி ஆய்வை எழுதியதற்காகத்தான் அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பேசுடா... பேசு... அவள் மனம் கத்தியது.

"தப்பு என்னுது." அவன் எழுந்து நின்றான். "நான் எழுதினதைத்தான் இவங்க செஞ்சாங்க. நான் துறைமுகத்துக்குப் போகாம, மேசையில உக்காந்தே எழுதினேன். ஆய்வை மறுபடி திறக்கணும்."

"எல்லாம் முதல்லேர்ந்தா? உன் பதவி என்னாகும், தெரியுமில்ல?"

"போகட்டும்."

அவள் விருட்டென்று வெளியே நடந்தாள். தாழ்வாரத்தில் அவன் ஓடி வந்தான்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே! எதிர்ல நின்னு சிப்ஸ் தின்னுட்டு..."

"சொல்ல வாயெடுத்தேன். நீங்க சிரிச்சீங்க... சொன்னா அந்தச் சிரிப்பு போயிடும்னு பயந்துட்டேன்."

"ராத்திரி பூரா உங்களையே நினைச்சிட்டிருந்தேன், தெரியுமா? அதுக்குத்தான் இவ்வளவு கோபம்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. காது சுட்டது.

"எனக்கும் தூக்கமே வரல, எய்ல்சா... உங்களாலதான்."

"கோபம் இன்னும் போகல."

"போற வரைக்கும் பக்கத்துல நிக்கட்டுமா?"

"அது சீக்கிரம் போகாது..."

"எனக்கு அவசரமில்ல," என்றான்.