வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடு

பள்ளி விட்டதும் அறிவியல் டீச்சர் மாடியில் இருந்த ஆசிரியர் அறைக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பழைய கட்டடம். ஈரச் சுவரும் சாக்பீஸ் தூளும் கலந்த வாடை. எங்கோ ஒரு பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டு அடங்கியது.

பாதிப் பிள்ளைகள் பள்ளியில், பாதிப் பேர் வீட்டில் என்று வாரம் மாற்றி வகுப்பு நடந்தது. வீட்டிலிருந்து எழுதும் பரீட்சை வெறும் கண்துடைப்பு; புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினார்கள். அதனால் டீச்சர் ஒரு வழி பண்ணினாள். படித்ததை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடு. கேட்பவர் கட்டாயம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும், நீ பதில் சொல்ல வேண்டும். அதை வீடியோ எடுத்து அனுப்பு. மனப்பாடம் பண்ணின பிள்ளை சந்தேகத்தில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கும். சுவாசப் பாடத்துக்கு மார்க் விழுந்ததும் அடுத்த பாடமான இதயம் தானாகவே திறக்கும்படியும் செய்து வைத்திருந்தாள்.

"கேக்கறதுக்கு வீட்ல ஆளே இல்லாத பிள்ளை என்ன பண்ணும்?" என்று கணக்கு டீச்சர் ஒருநாள் கேட்டாள். இவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு நாலு வீடியோ வந்திருந்தன. முதலாவது, வகுப்பில் எல்லாரும் குண்டு என்று கூப்பிடும் பையனுடையது. பலூனை ஊதி ஊதி நுரையீரலை அழகாக விளக்கினான். முடித்ததும், திரைக்கு வெளியிலிருந்து ஒரு பெண்குரல் சந்தேகம் கேட்டது. வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது.

"மூச்சுன்னா என்ன?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடிய விடிய ராமாயணம் கேட்ட கதையாக இருக்கிறதே, யாரோ அத்தை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பையன் சலிக்காமல் பதில் சொன்னான்.

அடுத்தது ரெட்டைச் சடைக்காரி. வேறு வீடு, வேறு தெரு.

"உள்ள இழுத்த காத்தை ஏன் திருப்பி வெளிய விடணும்?"

அதே குரல்.

மூன்றாவது வீடியோ, வகுப்பிலேயே பெரிய வாயாடியுடையது. அவள் வீடு ஊரின் மறுகோடியில்.

"இழுக்கும்போது எது முதல்ல அசையணும்? நெஞ்சா, வயிறா?"

டீச்சர் ஹெட்போனைக் கழற்றினாள். எந்தப் பிள்ளை எதில் தடுக்கி எப்படித் தேறுகிறது என்று பார்ப்பதுதான் இத்தனை வருஷமாக அவள் பிழைப்பு. இது மூன்று பேர் இல்லை. முதல் வீட்டில் ஒன்றும் தெரியாமல் வந்து, இரண்டாவது வீட்டில் காரணம் கேட்டு, மூன்றாவது வீட்டில் செய்து பார்க்கத் தயாராகிவிட்ட ஒரே மாணவி.

வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள் அவள்தான்.

குண்டுவின் அப்பாவுக்குப் போன் போட்டாள். பையன் பாடம் சொன்னதை வீட்டில் யார் கேட்டது என்று விசாரித்தாள். யார் இருக்கிறார்கள், நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுகிறோமே, இப்போதுதான் நான் வந்தேன் என்றார் அவர். போன் கை மாறியது. பையன் குசுகுசுத்தான்.

"ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் அவங்க வருவாங்க டீச்சர். அடுத்தது உங்க வீடுன்னாங்க."

இன்னும் ஒரு வீடியோ பாக்கி இருந்தது. டீச்சரின் மகளுடையது. மகளும் அதே வகுப்பு, இந்த வாரம் வீட்டில். ஓரவஞ்சனை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அதை எப்போதும் கடைசியில்தான் பார்ப்பாள். அவள் கணவனுக்கு வெளியூரில் வேலை. காலையில் மகள் பலூனோடு வாசலில் நின்று, அஞ்சு நிமிஷம் கேளும்மா என்று கெஞ்சியதற்கு, அப்புறம் பார்க்கலாம், பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

திரையில் அவள் வீட்டுச் சமையலறைச் சுவர். மகள் பாடத்தை முடித்தாள். இந்த முறை சந்தேகம் எதுவும் வரவில்லை.

ஒரு சத்தம் மட்டும் வந்தது. உள்ளே இழுக்கும் சத்தம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கரகரவென்று வெளியே.

மகள் கை தட்டினாள். "அப்படித்தான்! இன்னும் கொஞ்சம் மெதுவா."

டீச்சர் பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். பஸ்ஸிலும், இறங்கி ஓடும்போதும் மகளுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மேசை முன்னால் மகள், அவளுக்கு எதிரே ஒரு காலி நாற்காலி. டீச்சர் பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

"யாருடி வந்தா?"

"நீ கேக்கலைல்ல. அவங்க கேட்டாங்க."

வீட்டில் மூச்சுச் சத்தம் பலமாகக் கேட்டது. ஓடி வந்த இரைப்பு என்று நினைத்தாள். மகளை மூச்சை அடக்கச் சொல்லி, தானும் அடக்கினாள்.

சத்தம் நிற்கவில்லை.

எதிர் நாற்காலியிலிருந்து வந்தது. உள்ளே. வெளியே. கொஞ்சமும் தடுமாறாமல்.

"சரியா விடறேனா, டீச்சர்?"

டீச்சர் மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மகள் அவள் கையைச் சுரண்டி, "சரின்னு சொல்லும்மா. நீ சொன்னாத்தான் பாடம் முடியும்" என்றாள். சொன்னால் போய்விடும் என்றுதான் டீச்சரும் நினைத்தாள். பிள்ளையைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"சரியா இருக்கு."

மூச்சுச் சத்தம் நின்றது. டீச்சர் மகளின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மேசையில் இருந்த டேப்லெட் டிங் என்றது. அடுத்த பாடம் திறந்துகொண்டது. இதயம். கீழே அவளே எழுதி வைத்த வேலை: கேட்பவர் உங்கள் நெஞ்சில் காது வைத்துக் கேட்கட்டும்.

மடியில் இருந்த மகள் நெளிந்தாள்.

"அம்மா, அவங்க காது ஜில்லுனு இருக்கும்மா."