தொடாத தீ

தொட்டியில் எரிந்த தீ காற்றை எதிர்த்துச் சாய்ந்திருந்ததைத்தான் ஹுஸ்னா முதலில் கவனித்தாள்.

வேடசந்தூர்ச் சாலையில் இருந்த அந்த நூற்பாலையின் மாடி அலுவலகத்தில், அஸர் தொழுதுவிட்டு ஜன்னலருகே வந்திருந்தாள். கீழே ஜெனரேட்டர் டாங்கைச் சுற்றிய சிமெண்ட் தொட்டியில் கசிந்து தேங்கிய டீசல், முழங்கால் உயரத்துக்கு அழுக்கு மஞ்சளாய், கரும்புகை கக்கியபடி சோம்பலாக எரிந்துகொண்டிருந்தது. காற்று மேற்கிலிருந்து வீசியது. தீயோ மேற்கே, பஞ்சு குடோன் பக்கமாய் வளைந்து நின்றது.

இரண்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் எலெக்ட்ரீசியன் பேச்சிமுத்து மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தான். அவள் போன் போட்டாள்.

"சின்னத் தீதாங்க்கா. வால்வ அடைச்சுட்டேன். செத்த நேரத்துல அமுங்கிரும்."

குடோனின் தகர ஷட்டர் நடுவில் மெல்லச் சிவந்தது; உள்ளே பஞ்சு முன்பே பற்றியிருந்தது, அதுதான் காற்றை இழுத்துத் தொட்டித் தீயைத் தன் பக்கம் வளைத்திருந்தது. கருகிய பஞ்சின் வாடை மாடிப்படி வழியாக ஏறி வந்தது. அவள் கதவைத் திறந்தாள். படி முழுக்கப் புகை. மூடிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தவள், அது சுடவே கையை உதறினாள். ஷட்டர் பிளந்து எரியும் பஞ்சுப் பொதிகள் சரிந்து சந்தின் வாயை அடைத்தன. மறுமுனையில் மதில்சுவர், இரண்டாள் உயரம்.

பொதித் தீ தொட்டியைத் தொடவில்லை. அதன் அனல் மட்டுந்தான் டீசலின் மேல் விழுந்தது. அதற்கே டீசல் கொதிக்கத் தொடங்கியது. எண்ணெய்ச் சட்டியின் இரைச்சல் போனில் கேட்டது. முழங்கால் உயரத் தீ இடுப்பளவு வந்தது. பிறகு ஆளுயரம்.

"பேச்சிமுத்து, வந்துருப்பா! தீ பெருசாகுது!"

"எப்பிடிக்கா? டீசல் ஒரு சொட்டுகூடச் சேரலயே…"

டீசல் தீ வளர வளர, அதன் அனலில் பொதிகள் இன்னும் வெறிகொண்டு எரிந்தன. அவை எரிய எரிய டீசல் மேலும் பொங்கியது. ஒன்றையொன்று ஊட்டின.

"சுவரேறு! அல்லா… ஏறுப்பா!"

"சுவரு சுடுதுக்கா. கை வைக்க முடியல."

கம்பியைத் தொடாமல் ஜன்னலை ஒட்டி நின்று கத்தினாள். இரைச்சலில் அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. கூரைக்கு மேலே எழுந்த இரண்டு தீயும் தலை சாய்த்து நெருங்கின.

அவன் சந்தின் நடுவில் நின்றான். முகத்தைப் பொத்தியபடி.

எந்தத் தீயும் அவனைத் தொடவில்லை.

முதுகில் சட்டை புகைந்தது.

பிறகு, தானாகவே, பற்றியது.