நரியின் வயிற்றில் ஏலக்காய்

உமைர் காபிக்கு ஏலக்காய் இடித்துக்கொண்டிருந்தபோது நுவைரா அவருடைய பாலைவனக் கூடாரத்துக்குள் வந்தாள். கணவனை இழந்தவள், ஹுவைமிலின் மந்தையை மேய்ப்பவள்.

“அண்ணே, முந்தாநாள்லேருந்து மந்தையில ஒரு கிடாவைக் காணோம். நரி தூக்கிட்டுப் போச்சாம். காவல்ல இருந்தவ நான்தானேன்னு, ஈடா என் ஆட்டைப் பிடிச்சுக் கட்டிட்டாரு ஹுவைமில். இருக்கிறதே அது ஒண்ணுதான். பிள்ளைக்குப் பால் இல்ல.”

“நரியைப் பார்த்தது யாரு?”

“முதைக் மாமா. அன்னைக்கு அவர் மகளைப் பொண்ணு கேட்டு ஆளுங்க வந்திருந்தாங்க. அவங்களை அனுப்பிட்டுத் திரும்பறப்ப பார்த்தாராம்.”

உமைர் தடம் பார்ப்பதில் கெட்டிக்காரர். ஆனால் காற்று எல்லாத் தடத்தையும் துடைத்திருந்தது. அவருடைய கூட்டாளி சுலைமுக்கோ பொறுமை என்பதே கிடையாது. வறட்சி தொடங்கியதிலிருந்து ஊர் ஆடுகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் லாரிக்காரன் அவன்.

“துப்பாக்கி எடுக்கட்டுமா? நரி வளைக்கே போயிடுவோம்.”

“போவோம். துப்பாக்கி எதுக்கு?”

வளைக்கருகே ஒரு மேட்டுக்கல். நரிகள் எச்சமிடுவது அதன்மேல்தான். உமைர் ஒரு குச்சியால் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். வண்டுச் சிறகு, பாலைவன எலியின் ரோமம், பேரீச்சங்கொட்டை. புதிதாகக் கிடந்த ஒன்றில் எலும்புத் துணுக்குகளும் முழு ஏலக்காய்த் தோலும் இருந்தன.

“சீச்சீ! இதையெல்லாமா கிளறுவீங்க?” என்று சுலைம் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

அன்று மாலை ஹுவைமிலின் கூடாரத்தில் எல்லாரும் கூடினார்கள்.

“நம்ம பாலைவன நரி பூனையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கிடாவை அது தூக்குமா?” என்றார் உமைர். “தின்னதுன்னே வச்சுக்குவோம். ரோமம் செரிக்காது, எச்சத்துல வரணும். ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இல்ல. ஏலக்காய் இருக்கு. நரி அடுப்பு மூட்டிச்சா?”

“காபிக்குப் போட்டதா இருக்கும்” என்றார் முதைக்.

“காபிக்கு இடிச்சுப் போடுவோம். முழுசாப் போடறது கறிக்குத்தான். விருந்து மிச்சத்தை நரி தின்னிருக்கு. அன்னைக்கு விருந்து நடந்தது உங்க வீட்டுல மட்டும்தான். உங்ககிட்ட ஆடு ஏது?”

சுலைம் துள்ளி எழுந்தான். “அட, கடைசி ஆட்டையும் என் லாரியிலதானே ஏத்துனாரு!”

முதைக்கின் தலை கவிழ்ந்தது. ஹுவைமிலுக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம்.

“விருந்தாளிக்காகப் பக்கத்து மந்தையில எடுக்கறது நம்ம வழக்கம்தானேய்யா? எடுக்கிறப்பவே சத்தம் போட்டுச் சொல்லிட்டா திருட்டே இல்ல. அப்புறம் ஒண்ணுக்கு ஒண்ணு கொடுத்தாப் போச்சு.”

“சத்தம் போட்டா வந்தவங்க காதுல விழுமே. ஆடில்லாத வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா?”

“அதுக்கு இவ பிள்ளை பட்டினி கிடக்கணுமா?” உமைரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. “வெளிய போய் இப்பச் சொல்லுங்க.”

முதைக் வெளியே போய் நின்றார். “ஹுவைமிலே, என் விருந்தாளிக்காக உன் கிடாவை எடுத்தேன்!” ஊர் முழுக்கக் கேட்டது.

நுவைரா அதற்குள் தன் ஆட்டை அவிழ்த்திருந்தாள்.

“கேட்டுச்சு மாமா” என்றாள் திரும்பாமலே. “என் பிள்ளை அழுத சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?”